அக்காவின் கலியாணத்தை நான் எச்.டி.யில் எடுத்த கதை

இருபத்துநான்கு வயதில் எனக்குத் தெரியாத விடயம் என்று உலகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. இப்போது முப்பத்தேழு. தெரிந்த விடயங்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. (இன்னும் குறைய இடமிருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள்.) நான் சொல்லப்போவது எல்லாம் தெரிந்திருந்த அந்தப் பொற்காலத்தில் நடந்தது.

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் ஒரு ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. நான் அப்போது ஒரு ரியூசன் கொட்டிலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா, அக்கா, நான். அப்பா இல்லை. அண்ணா சுவிஸில். அவருடைய விசா வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. ஒன்பது வருடமாக அவர் எங்கள் ஒருவரையும் நேரில் கண்டதில்லை.

அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தபோது அண்ணா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாத்தையும் வடிவா வீடியோ எடுத்து அனுப்புங்கோ. எனக்கு அதுதான் கலியாணம்." பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அம்மாவை ஒருக்காத் தெளிவா எடடா. ஸ்கைப்பிலை அவாவின்ரை முகம் பிஞ்சு பிஞ்சு வருது. கடைசியா எப்ப வடிவாப் பாத்தனான் எண்டே மறந்து போச்சு."

உண்மைதான். சந்தியில் இருந்த இன்ரர்நெற் கடையில் ஸ்கைப் எடுத்தால் அம்மா சதுரம் சதுரமாகத்தான் போவார். மூக்கு ஒரு இடத்தில் நிற்கும், வாய் கொஞ்சம் பிந்தி வந்து சேரும்.

அண்ணா ஊர் வீடியோக்காரர் ஒருவரைப் பிடிக்கத்தான் சொன்னார். நான் விடவில்லை. "அவை சும்மா மாப்பிளையை ரோசாப்பூவுக்குள்ளையும் பொம்பிளையை இதயத்துக்குள்ளையும் போட்டுச் சுத்த விடுவினம் அண்ணா. எச்.டி. கமரா ஒண்டு வாங்கினால் நானே எடுத்துப் போடுவன். பிறகு வீட்டிலையும் கிடக்கும்" என்றேன். எச்.டி. என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் பத்திரிகை விளம்பரத்தில் பார்த்திருந்தேன். அது போதாதா?

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்க, அண்ணா அனுப்பிய காசோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். கடைத்தெருவில் மின்சாதனக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் மேசையில் மூன்று கமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது. அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கலியாண வீட்டில் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் ஆர் மதிப்பான்? இன்னொன்று நல்ல பெரிசு, ஆனால் அதில் இருந்த பொத்தான்களைப் பார்த்ததும் கொஞ்சம் பயம் வந்தது. (பயத்தை வெளியே காட்டவில்லை, "பாரம் கூட" என்றேன்.) நடுவில் இருந்ததை எடுத்தேன். பக்கத்துத் திரையை விரித்தால் லென்ஸ் மூடி தானாகத் திறந்தது. மடித்தால் தானாக மூடியது. அந்த ஒரு வித்தைக்காகவே அதை வாங்க முடிவு செய்துவிட்டேன்.

நானா கடை வாசலுக்குக் கூட்டிவந்து எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னார். கிட்ட இழுத்துப் பார்த்தேன். நடத்துனர் ஒருவர் உலகத்தை மறந்து மூக்குக்குள் விரல் விட்டுக்கொண்டிருந்தார். விரலில் போட்டிருந்த மோதிரத்தின் கல் நிறம் வரை தெரிந்தது.

"இதுதான் எச்.டி." என்றார் நானா. "யாரு தம்பி எடுக்கப் போறது?"

"நான்தான்."

"முன்னப் பின்ன எடுத்திருக்கீங்களா?"

"இதிலை என்ன நானா கிடக்கு? பொத்தானை அமத்தினால் எடுக்கும்."

அவர் கமராவை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். "வீட்டுல போய் ரெண்டு நாளைக்கு ஆட்டையும் மாட்டையும் எடுத்துப் பழகுங்க. எடுத்ததை ரிவியில போட்டுப் பாருங்க. அப்புறம் கலியாணத்துக்குப் போங்க" என்றார். நல்ல மனிதர். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டையும் மாட்டையும் எடுக்கவா எச்.டி. வாங்கினது?

பஸ்ஸில் வரும்போது கையேட்டைப் படித்தேன். பதினொரு மொழியில் இருந்தது, தமிழ் இல்லை. ஆங்கிலப் பகுதியில் எனக்கு விளங்கிய ஒரே வசனம், எடுக்கப்படுகிறவரை எப்போதும் படச் சட்டத்தின் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது. அதை மனப்பாடம் செய்துகொண்டேன். இந்த வாழ்க்கையில் ஒரு அறிவுறுத்தலை நான் அவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றியது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்க முதலே அம்மா மறித்துவிட்டார்.

"புதுச் சாமான். பிள்ளையாரடிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் கை வைக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், நீர் இறைக்கிற மெசின் என்று எது வந்தாலும் முதலில் பிள்ளையாரிடம் போய்ப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வரும். குளிர்சாதனப் பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே பின்னேரப் பூசைக்குக் கமராவையும் கொண்டு போனோம்.

ஐயருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் தண்ணி பட்ட பாடு. சில்லுக்கு எலுமிச்சம்பழம், லைற்றுக்குச் சந்தனம். கமரா அவருக்குப் புதிது. தட்டோடு நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு நெத்தி எது?"

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "முன்பக்கம் ஐயா" என்று சொல்லி, வித்தை காட்டுகிற ஆசையில் திரையை விரித்தேன். லென்ஸ் மூடி திறந்தது. ஐயர் ஒரு அடி பின்வாங்கினார்.

"அட, கண் முழிக்குது!"

"நல்ல சகுனம்" என்றார் அம்மா.

ஐயர் சந்தோசமாகச் சந்தனத்தில் பெருவிரலைத் தோய்த்து, முழித்த கண்ணின் நட்ட நடுவில் ஒரு பொட்டு வைத்தார். அதற்கு மேல் குங்குமம். ஒரு பூவையும் கிள்ளி வைத்தார். நான் கும்பிட்டேன். இப்போது நினைத்தால், நான் கையால் மறித்திருக்கவேண்டிய இடத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் துடைக்கப் போனேன். அம்மா கத்தினார்: "துடைச்சிடாதை! பிள்ளையாற்றை பொட்டு. கலியாணம் முடியட்டும்!"

கட்டியாக நின்றதை மட்டும் நகத்தால் மெல்லக் கிளப்பினேன். மிச்சம் அப்பளம் அளவுக்கு மெல்லிசாக ஒட்டிக்கொண்டு காய்ந்தது. திரையில் பார்த்தபோது நடுவில் பொன் நிறத்தில் ஒரு மப்பு தெரிந்தது. வடிவாகத்தான் இருந்தது. எச்.டி. என்றால் இப்படித்தான் மினுங்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணம் எங்கள் வளவிலேயே, தகரப் பந்தலுக்குள். காலை ஆறு மணிக்கே கமராவை வலது கையில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு இல்லாத மிடுக்கு எனக்கு இருந்தது. "தள்ளுங்கோ", "குனியுங்கோ", "இஞ்சை பாத்துச் சிரியுங்கோ" என்று பெரியவர் சின்னவர் பார்க்காமல் அதிகாரம் பண்ணினேன். ஆரைப் பிடித்தாலும் நேர் நடுவில் பிடித்தேன். அக்கா சோடித்துக்கொண்டு வந்தது நடுவில். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டியது நடுவில். அப்பா இல்லாதபடியால் பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்தார்கள், அவர்களும் நடுவில்.

அண்ணா கேட்டதையும் மறக்கவில்லை. காலையிலேயே அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வெயில் முகத்தில் விழ நிற்க வைத்து, "அண்ணாவோடை கதையுங்கோ" என்றேன். அம்மா முதலில் வெட்கப்பட்டார். பிறகு ஐந்து நிமிடம் கதைத்தார். நான் கை நடுங்காமல், மூச்சு விடாமல், அவருடைய முகத்தைச் சரியாக நடுவில் வைத்து எடுத்து முடித்தேன். இதுக்கு மேலை அண்ணாவுக்கு என்ன வேணும் என்று நினைத்தபோது எனக்கே கண் கலங்கியது.

போட்டோ எடுக்க மட்டும் புதுக்குடியிருப்பிலிருந்து போட்டோக்காரர் ஒருவர் வந்திருந்தார். அமைதியான ஆள். என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, லென்சிலை ஏதோ கிடக்குப் போலை. நடுவிலை மப்பா இருக்கு."

"அது ஓமப் புகை அண்ணை."

"ஓமம் இன்னும் மூட்டேல்லையே."

மாட்டிக்கொண்டேன். ஆனால் விஞ்ஞான ஆசிரியன் அல்லவா? "பொட்டு ஒண்டு வைச்சது. அது லென்சிலை முட்டிக்கொண்டு கிடக்கிறபடியால் குவியத் தூரத்துக்குள்ளை வராது. படத்திலை விழாது. பெரிய ரிவியிலை போட்டால் எல்லாம் தெளியும்" என்று விளக்கம் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். குவியத் தூரம் என்ற சொல்லுக்கு அப்படியொரு சக்தி.

தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் தொடங்கியதும் சனம் முழுக்க எழும்பி நின்றுவிட்டது. எனக்கு முன்னால் பச்சைச் சேலை ஒன்று. பிளாஸ்ரிக் கதிரையில் பாய்ந்து ஏறினேன். கதிரையின் ஒரு கால் மணலுக்குள் இறங்கியது. நான் சரிந்து, பந்தல் காலைப் பிடித்து, ஒருமாதிரி நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளையின் கை கழுத்தடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அண்ணா கேட்பாரே, தாலி கட்டினது எங்கை என்று! எனக்கு என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. கத்தினேன்:

"ஐயா, பொறுங்கோ! இன்னொருக்காக் கட்டட்டும்!"

மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் ஊதிய மூச்சை உள்ளே இழுத்ததுகூடக் கேட்டது. சனம் முழுக்கத் திரும்பி, கதிரையில் ஏறி நின்ற என்னைப் பார்த்தது.

"கோதாரி விழுவானே!" என்று மணவறைக்குப் பக்கத்திலிருந்து பெரியம்மா சத்தம் போட்டார். "தாலி என்ன ரெண்டு தரம் கட்டுற சாமானோ? இறங்கடா கீழை!"

மாப்பிள்ளை, பாவம், "கட்டட்டோ?" என்பதுபோல் ஐயரைப் பார்த்தார். நல்ல காலம், ஐயர் மேளத்துக்குக் கை காட்டினார். நான் இறங்கினேன். ஆனால் கமராவை நிற்பாட்டவில்லை. சரிந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாலி கட்டும் கடைசி நேரம் எப்படியோ விழுந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ரிவிக்கு முன்னால் கூடினார்கள். அக்காவும் அத்தானும் முன் வரிசைக் கதிரையில். பின்னுக்குப் பெரியம்மா, மாமா, மாமி, இன்னும் ஒரு பத்துப் பதினைந்து பேர். நான் வயரைக் கொழுவி, தொண்டையைச் செருமி, "இதுதான் எச்.டி." என்று அறிமுகம் வேறு செய்தேன்.

படம் வந்தது.

"பொம்பிளை எங்கை?" என்றார் பெரியம்மா.

"உதிலைதானே, நடுவிலை."

"நடுவிலை பலாக்கொட்டை மாதிரி ஒண்டு கூறை கட்டிக்கொண்டு நிக்குது."

சரியாகத்தான் சொன்னார். கழுத்துக்குக் கீழே கூறைச் சேலையின் ஒவ்வொரு சரிகையும் மின்னியது. கழுத்துக்கு மேலே பழுப்பு நிறத்தில், சிவப்புக் கரையோடு ஒரு வட்டம். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையின் குஞ்சம் இருந்தது, தலை இல்லை. தாரை வார்த்தது இரண்டு பலாக்கொட்டைகள். நான் ஆரை எவ்வளவு கவனமாக எடுத்தேனோ அவரவர் அவ்வளவு கவனமாக மறைந்திருந்தார்கள்.

ஆனால் ஓரங்கள்! ஐயோ, ஓரங்களில் எச்.டி. துள்ளி விளையாடியது. பக்கத்து வீட்டு ஆடு மாவிலைத் தோரணத்தை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் தாடியில் ஒட்டிய இலைத் துணுக்குக்கூடத் தெரிந்தது. மாப்பிள்ளை பகுதிப் பெரியவர் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. சலரோகக்காரரான எங்கள் மாமா, இனிப்பைத் தொடமாட்டேன் என்று மாமிக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர், வலப்பக்க ஓரத்தில் ஒரு லட்டுச் சாப்பிட்டார். அடுத்த காட்சியில் இன்னொன்று. மூன்றாவதை எடுக்க முன் அங்கும் இங்கும் பார்த்தார். மாமி ரிவியிலிருந்து மெல்லக் கழுத்தைத் திருப்பி, பக்கத்திலிருந்த அசல் மாமாவைப் பார்த்தார். மாமா எழும்பி முற்றத்துக்குப் போனார்.

அக்கா அழத் தொடங்கிவிட்டாள். "நாலு மணித்தியாலம் சோடிச்சனானடா! மடையா! விசரா!"

"பரவாயில்லை விடும்" என்றார் அத்தான். "நானும் அப்பிடியொண்டும் பெரிய வடிவில்லைத்தானே." அவர் எங்கள் வீட்டில் கதைத்த முதல் முழு வசனம் அது. அன்றிலிருந்து அவருக்காக நான் உயிரையும் கொடுப்பேன்.

பிறகு கிணற்றடிக் காட்சி வந்தது. வாளி தெரிந்தது, கயிறு தெரிந்தது, கப்பி தெரிந்தது. நடுவில் இருந்த வட்டத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "ராசா, சுகமா இருக்கிறியே? குளிருக்கை கவனம். நேரத்துக்குச் சாப்பிடு. நான் நல்லா இருக்கிறன், பாக்கிறாய்தானே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்காவும் அழுகையை நிற்பாட்டினாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. ஒன்பது வருடமாக அம்மாவின் முகத்தை வடிவாகப் பார்க்காத மனுசன் என்னிடம் ஒரே ஒன்றைத்தான் கேட்டார்; அதையும் நான் எடுத்து வைத்திருந்த விதம் அது. என் கெட்டித்தனத்தின் மீது எனக்கு முதல்முதலாக வெறுப்பு வந்தது.

"கமரா கிணத்துக்குள்ளை விழுந்திட்டுது எண்டு அண்ணாவுக்குச் சொல்லுவம்" என்றேன்.

"கிணத்துக்குள்ளை விழுந்தது நீதான்" என்றார் அம்மா. "உள்ளதை அனுப்பு. அவன் குரலையாவது கேக்கட்டும்."

சுவிஸுக்குத் திரும்பிப் போன உறவுக்காரர் ஒருவரிடம், வீடியோவை ஏற்றிய டிஸ்கையும் போட்டோக்காரர் எடுத்த படங்களையும் கொடுத்துவிட்டோம். இரண்டு வாரம் நான் தொலைபேசிச் சத்தம் கேட்டாலே வேலிப் பக்கம் போய் நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என்னைக் கையில் பிடித்து இழுத்து வந்து, போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள்.

"அண்ணா..." என்றேன். மன்னிப்புக் கேட்க மூன்று வசனம் தயார் செய்திருந்தேன். முதல் வசனத்தைத் தொடங்க முதலே அவர் முந்திவிட்டார்.

"எடேய்" என்றார் அண்ணா. "அம்மா நல்லா மெலிஞ்சு போனா என்ன?"

எங்களுக்கு விளங்கவில்லை. "எங்கை அண்ணா பாத்தனீங்கள்?"

"கலியாணம் முழுக்க அவாவைத்தானேயடா எடுத்து வைச்சிருக்கிறாய். அந்த விறாந்தைத் தூணடியிலை. இடப்பக்க ஓரத்திலை."

அக்கா ஓடிப்போய் ரிவியில் வீடியோவைப் போட்டாள். நாங்கள் அதுவரை அந்த வீடியோவை நாலு தரம் பார்த்திருப்போம். நாலு தரமும் நடுவில் என்ன இல்லை என்றே பார்த்தோம், பிறகு ஆட்டையும் மாமாவையும் பார்த்துச் சிரித்தோம். இப்போது இடப்பக்க ஓரத்தைப் பார்த்தோம்.

அப்பா போனபிறகு அம்மா நல்ல காரியங்களில் முன்னுக்கு வருவதில்லை. மகளின் மணவறைக்கும் கிட்ட வரவில்லை. வழக்கம் அப்படி, ஒருவரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, வந்து நில்லுங்கோ என்று கூப்பிடவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அங்கே நின்ற அம்மா அவ்வளவு தெளிவாக இருந்தார். கன்னத்துக் கோடு தெரிந்தது. காதுக்குப் பக்கத்து நரை தெரிந்தது. தாலி கட்டும் நேரம், நான் கதிரையில் சரிந்த அதே நேரம், அம்மா கால் பெருவிரலில் எக்கி நின்று எட்டிப் பார்க்கிறார். மற்றவர்களோடு சேர்ந்து தானும் கையிலிருந்த பூவையும் அரிசியையும் எறிகிறார். அது மணவறைக்குப் போய்ச் சேராமல் முன்னால் நின்ற பச்சைச் சேலைக்காரியின் கொண்டையில் விழுகிறது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார்.

"அக்காவைப் போட்டோவிலை பாத்திட்டன்" என்றார் அண்ணா. "அம்மாவை அதிலை ஒரு படத்திலையும் காணேல்லை. அவாவை எடுக்கவேணும் எண்டு உனக்கு எப்பிடியடா தோணினது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன செய்ய, பழைய கெட்டித்தனம் உடனே செத்துவிடுமா? "இல்லை அண்ணா, அது வந்து, நான் ஒரு ஐடியாவோடைதான்..."

"பொய்!" என்று அக்கா போனுக்குள் கத்தினாள். சந்தனம், ஐயர், குவியத் தூரம், இன்னொருக்காக் கட்டட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணா சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா போனைக் கையில் எடுத்து, காதில் வைத்துக்கொண்டு, அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது. அத்தான் பார்க்காத மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தை ஒழுங்காகப் படம் எடுக்க எந்தக் கமராக்காரராலும் முடியவில்லை. கமராவைக் கண்டால் எல்லாரும் ஓரத்துக்கு ஓடுவார்கள். "நடுவிலை நிண்டால் பலாக்கொட்டை" என்று அக்காவின் பிள்ளைகள்கூடக் கத்துகிறார்கள். (மாமா மட்டும், காரணத்தோடு, நடுவில் வந்து நிற்பார். மாமி இழுத்து ஓரத்தில் விடுவார்.) அண்ணாவுக்கு விசா கிடைத்து அவர் என் கலியாணத்துக்கு வந்தபோதும் அதே கூத்துத்தான். விமானத்தால் இறங்கி மூன்று நாள் ஆகாத மனுசன், அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு இடப்பக்க ஓரத்துக்கு என்ன வேகமாக ஓடினார் தெரியுமா? அக்காவும் அத்தானும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். புதுப் பெண்ணான என் மனைவி ஒன்றும் விளங்காமல் திகைத்து நிற்க, நான் அவளையும் இழுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி விறாந்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம், நடுவில் ஒரு மாட்டு வண்டில் போகக்கூடிய இடம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கதையைப் பிடுங்குகிற மாதிரி அம்மாவிடம் மெல்லக் கேட்பார்கள்: "என்ன அக்கா, ரெண்டு பகுதிக்கும் அப்ப ஏதும் கோவமோ?"

"ஒரு கோவமும் இல்லை" என்பார் அம்மா. "எல்லாருக்கும் முகம் தெரியவேணும் எண்டு நிக்கினம்."